டாக்டரைப் பார்க்காமலே கிளம்பிவிடும் நோயாளிகள்: குழு ட்ரையாஜ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, பெயரைப் பதிந்து, நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் முகத்தைப் பார்க்காமலே எழுந்து போய்விடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களைக் குறைக்க ஒரு வழி, வாசலில் நர்ஸ் மட்டும் செய்துவந்த ட்ரையாஜை, அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று பிரிக்கும் வேலையை, டாக்டரும் சேர்ந்த ஒரு சிறு குழுவிடம் கொடுப்பது. இதைப் பற்றி அவசரப் பிரிவை நடத்துகிறவர்களும் அங்கே வேலை செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் கீழே. நோயாளிகள் கேட்பதும் ஒன்று இருக்கிறது.

யாரைப் ‘பார்க்காமல் போனவர்’ என்று கணக்கில் எழுதுவது?

பதிவு செய்துகொண்டபின், சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் தகுதி உள்ள ஒருவர் பரிசோதிப்பதற்கு முன்பே போனவரை. நர்ஸ் பி.பி. பார்த்துவிட்டார் என்பதால் அவர் பார்க்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார். அமெரிக்காவில் 1986-ல் வந்த அவசர சிகிச்சைச் சட்டத்தின் நடைமுறையிலும், ட்ரையாஜ் மட்டும் செய்தால் அதை மருத்துவப் பரிசோதனையாக ஏற்பதில்லை.

இவர்களோடு சேர்த்துக் குழப்பக் கூடாத இரண்டு வகையினர் உண்டு. டாக்டர் பார்த்து டெஸ்ட் எழுதிக் கொடுத்தபின் பாதியில் போகிறவர் ஒருவர். ஆபத்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘என் பொறுப்பில் போகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர் இன்னொருவர். மூன்று கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

நேரத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ஒருவர் எப்போது போனார் என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. பெயரைக் கூப்பிடுகிறார்கள், பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிடுகிறார்கள். மூன்றாவது முறையும் ஆள் இல்லை என்றால்தான் கணினியில் அவர் கணக்கை மூடுகிறார்கள். அங்கே பதிவாவது நாம் கண்டுபிடித்த நேரம். அவர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போயிருக்கலாம். ‘எங்கள் நோயாளிகள் சராசரியாக மூன்று மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்’ என்று சொல்லும் அறிக்கையைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எத்தனை சதவீதம் வரை பரவாயில்லை?

வரும் நோயாளிகளில் 2 சதவீதம் என்பதை ஒரு எல்லைக்கோடு மாதிரிப் பேசுவது வழக்கம். அதற்குப் பின்னால் மருத்துவ விதி ஒன்றும் கிடையாது. 2022-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, அமெரிக்க மருத்துவமனைகளில் இந்த விகிதத்தின் இடைநிலை அளவு (எல்லாவற்றையும் வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பது) 2017-ல் 1.1 சதவீதமாக இருந்து 2021 முடிவில் 2.1 ஆனது. மிக மோசமான 5 சதவீத மருத்துவமனைகளின் எல்லை 4.4-லிருந்து 10 ஆனது. அதாவது அந்த இடங்களில் பத்து பேர் வந்தால் ஒருவர் திரும்பிப் போகிறார்.

மாதச் சராசரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மணி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 3 சதவீதம் என்று அறிக்கையில் நிற்கும் இடத்தில், காலை ஆறு மணிக்கு வந்தவர்களில் ஒருவரும் போயிருக்க மாட்டார். மாலையும் முன்னிரவும் அந்த மொத்தக் கணக்கையும் சுமந்துகொண்டிருக்கும். எந்த நேரத்தில் ஆள் வேண்டும் என்பதை அந்த அட்டவணையே சொல்லிவிடும்.

போகிறவர்கள் எல்லாம் சின்னத் தொல்லைக்கு வந்தவர்கள்தானே? போனால் போகட்டுமே?

இதை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு, நினைக்கிறவர்கள் நிறைய. இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

1991-ல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக, கலிஃபோர்னியாவில் ஒரு பொது மருத்துவமனையில், பார்க்காமல் போனவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அவர்களில் 46 சதவீதம் பேருக்கு உடனடி மருத்துவ கவனிப்பு தேவைப்பட்டது என்று மதிப்பிட்டார்கள். 11 சதவீதம் பேர் அடுத்த ஒரு வாரத்துக்குள் ஏதாவதொரு மருத்துவமனையில் அட்மிட் ஆகியிருந்தார்கள். காத்திருந்து டாக்டரைப் பார்த்தவர்களைவிட இவர்கள் நோயின் தீவிரத்தில் குறைந்தவர்கள் இல்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2011-ல் வெளியான ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. பார்க்காமல் போன 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, அடுத்த 7 நாட்களில் இறந்தவர்கள், அட்மிட் ஆனவர்கள் எத்தனை பேர் என்று கணக்கிட்டார்கள். பார்த்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இல்லை. ‘அப்பாடா’ என்று மூச்சுவிடுவதற்கு முன் அதே ஆய்வின் மற்றொரு முடிவையும் படியுங்கள்: காத்திருப்பு நீண்டிருந்த ஷிஃப்ட்களில் வந்து, பொறுமையாக உட்கார்ந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு இறப்பும் அட்மிஷனும் கூடியிருந்தன.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: கிளம்பிப் போனவர் நெரிசலின் அடையாளம். அந்த நெரிசலின் பாதிப்பு போனவரைவிட உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அதிகம் இருக்கலாம். ஆகவே வாசலை மறித்து நிறுத்துவதால் பயன் இல்லை, காத்திருப்பைத்தான் குறைக்க வேண்டும்.

உண்மையில் அவர்கள் ஏன் போகிறார்கள்?

நேரம்தான் முதல் காரணம். ஆனால் கடிகாரத்தில் ஓடும் நேரம் மட்டும் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாத நேரம். இரண்டு மணி நேரம் ஆகும் என்று தெரிந்து உட்கார்ந்திருப்பது வேறு, ‘கூப்பிடுவோம்’ என்ற ஒரே பதிலை மூன்று தடவை கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது வேறு.

அப்புறம், தனக்குப் பின்னால் வந்தவர் முன்னால் உள்ளே போவதைப் பார்ப்பது. வரிசை வருகையை வைத்து இல்லை, நோயின் அவசரத்தை வைத்து என்பதை யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். வலி கொஞ்சம் தணிந்துவிட்டது, வீட்டில் குழந்தை தனியாக இருக்கிறது, கூட வந்தவர் வேலைக்குப் போக வேண்டும், பில் எவ்வளவு வருமோ என்ற பயம், இவையும் உண்டு. காத்திருக்கும் ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்றும் கண்ணில் படும்: பெயர் கூப்பிடும் நேரத்தில் இல்லாமல் போய்விடுவோமோ என்று பாத்ரூமுக்குக்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள். அவர்கள் எழுந்து போனால் மறுபடி வருவதில்லை.

நர்ஸ் ட்ரையாஜ் ஏற்கனவே நடக்கிறதே, அது போதாதா?

யாரை முதலில் பார்ப்பது என்பதை முடிவு செய்யப் போதும். அனுபவமுள்ள நர்ஸ் அந்த வேலையை நன்றாகவே செய்வார். உலகில் புழக்கத்தில் உள்ள முறைகள் எல்லாம் அதற்காகவே எழுதப்பட்டவை. மான்செஸ்டர் முறையில் ஐந்து நிறங்கள்: சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. ஆஸ்திரேலிய முறையில் உடனே, 10, 30, 60, 120 நிமிடங்கள். கனடாவிலும் ஐந்து நிலைகள்தான்.

சிக்கல் அதற்குப் பிறகு. நர்ஸ் மஞ்சள் என்று குறித்துவிட்டார். அந்த 60 நிமிடம் 180 ஆகிவிட்டது. அதுவரை நோயாளிக்கு ஒன்றும் நடக்கவில்லை. ரத்தம் எடுக்கவில்லை, எக்ஸ்ரே இல்லை, வலிக்கு மாத்திரைகூட இல்லை. உள்ளே பெட் கிடைத்து டாக்டர் பார்த்தபின்தான் டெஸ்ட் எழுதப்படும், அந்த முடிவு வர இன்னும் இரண்டு மணி நேரம். பதிவு, ட்ரையாஜ், காத்திருப்பு, பெட், டாக்டர், டெஸ்ட், முடிவு என்று ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. குழு ட்ரையாஜ் இந்தப் படிகளை ஒரே நேரத்தில் நடக்கவைக்கப் பார்க்கிறது.

சரி, குழுவில் யார் யார்? என்ன செய்வார்கள்?

ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு டெக்னீஷியன் அல்லது உதவியாளர், கணினியில் பதிகிற ஒருவர். நால்வரும் ஒரே இடத்தில், ஒரே நோயாளியை, ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். நோயாளி தன் கதையை ஒரு தடவை சொன்னால் போதும்.

ஒருவரை வைத்துப் பார்ப்போம். 54 வயதுப் பெண், மேல் வயிற்றில் எரிச்சல், குமட்டல். கேஸ் தொல்லை என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும் நர்ஸ் கையில் பி.பி. பட்டையைச் சுற்றுகிறார், விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டுகிறார். டாக்டர் எதிரே உட்கார்ந்து, “எப்ப ஆரம்பிச்சதும்மா? மாடி ஏறினா கூடுதா?” என்று கேட்கிறார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால், “பத்து வருஷமா மாத்திரை சாப்பிடறேன் டாக்டர்” என்கிறார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் டெக்னீஷியன் திரையை இழுத்து இ.சி.ஜி. லீடுகளை எடுத்துவிட்டார். மாரடைப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து, படித்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்ற விதி. வயிற்று எரிச்சல் என்று சொல்லி வரும் சர்க்கரை நோயாளிகளிடம்தான் அது பலமுறை தவறிப்போகும்.

இ.சி.ஜி. சாதாரணமாக இருக்கிறது. அதோடு விட்டுவிடாமல், இதயத் தசை பாதிக்கப்பட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கிறார்கள், பதிகிறவர் டெஸ்ட்டை ஏற்கனவே கணினியில் போட்டுவிட்டார். டாக்டர் சொல்கிறார்: “இதயத்துல ஏதும் இருக்கான்னு பார்க்க ரத்தம் எடுத்திருக்கோம். முதல் ரிசல்ட் வர ஒரு மணி நேரம் போல ஆகும், இன்னொரு தடவையும் எடுக்கணும். அந்த நாற்காலியில இருங்க. நெஞ்சு வலியோ வியர்வையோ வந்தா இவங்ககிட்ட உடனே சொல்லுங்க.” மொத்தம் ஐந்தாறு நிமிடம். இதற்குப் பிறகு அவர் காத்திருக்கப் போகும் நேரம் குறைவில்லை. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். உள்ளே இருக்கும் டாக்டர் அவரைக் கூப்பிடும்போது ரிசல்ட் திரையில் இருக்கும்.

குழுவில் எல்லாரும் மறந்துவிடுகிற ஆள் அந்தப் பதிகிறவர். அவர் இல்லாவிட்டால் டாக்டர் கணினியைப் பார்த்தபடி கேள்வி கேட்பார், ஆறு நிமிடம் பன்னிரண்டு ஆகும், பின்னால் ஒரு புது வரிசை உருவாகும். டாக்டரைத் தனியாக வாசலில் உட்கார வைத்துவிட்டு ‘குழு ட்ரையாஜ் செய்து பார்த்தோம், சரிவரவில்லை’ என்று சொல்லும் இடங்கள் பலவற்றில் நடந்தது இதுதான்.

வருகிற எல்லாரையும் குழு பார்க்க வேண்டுமா?

வேண்டாம். மூச்சுத் திணறலோடு, நினைவு தப்பி, பக்கவாத அறிகுறிகளோடு வருகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்காமல் நேராக உள்ளே அனுப்ப வேண்டும். தையல் பிரிக்க வந்தவர், காதுவலிக்காரர், சின்ன வெட்டுக்காயம் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு விரைவு அறை இருந்தால் அங்கேயே முடித்து அனுப்பிவிடலாம். குழுவால் அதிகம் பயன்பெறுவது நடுவில் நிற்பவர்கள்: வயிற்றுவலி, மயக்கம் வந்து தெளிந்தவர், காய்ச்சலோடு வந்த முதியவர். ஐந்து நிலை முறையில் மூன்றாம் நிலை. எண்ணிக்கையிலும் இவர்கள்தான் அதிகம், டெஸ்ட்டும் இவர்களுக்குத்தான் அதிகம் தேவை, கிளம்பிப் போகும்போது நம்மைக் கவலைப்பட வைப்பதும் இவர்கள்தான்.

உள்ளே பெட் காலியாக இருந்தால் குழுவே தேவையில்லை. நேராக பெட்டுக்குக் கொண்டுபோய் பதிவையும் அங்கேயே செய்துகொள்ளலாம். காலி பெட்டை வைத்துக்கொண்டு நோயாளியை ட்ரையாஜ் நாற்காலியில் உட்கார வைப்பது வெறும் சடங்கு.

பலன் தரும் என்பதற்கு ஆதாரம் என்ன?

ட்ரையாஜில் டாக்டரைச் சேர்ப்பது பற்றிய பல ஆய்வுகளை 2011-ல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். நர்ஸ் மட்டும் செய்யும் ட்ரையாஜோடு ஒப்பிட்டால், நோயாளி அவசரப் பிரிவில் இருக்கும் நேரம் சராசரியாக 37 நிமிடம் குறைந்தது. பார்க்காமல் போகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்தார்கள். பிரிட்டனில் 2004-ல் வந்த ஒரு சிறு ஆய்வில், டாக்டரும் நர்ஸும் சேர்ந்து ட்ரையாஜ் செய்த நேரங்களில், முதல் மருத்துவ மதிப்பீட்டுக்கு ஆன நேரம் 32 நிமிடத்திலிருந்து 2 நிமிடமானது.

37 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். வரிசைகளுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு, 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தது: ஒரு இடத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்றால், வருகிற வேகத்தை ஒவ்வொருவரும் இருக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். மணிக்கு 10 பேர் வந்து, தலைக்கு 4 மணி நேரம் இருந்தால் எந்நேரமும் 40 பேர். பெட் 25 என்றால் 15 பேர் நாற்காலியில். ஒவ்வொருவரிடமும் 37 நிமிடம் குறைந்தால் அந்த 40 பேர் 34 ஆவார்கள். ஒரு பெட்கூடப் புதிதாகப் போடாமல் ஹாலில் ஆறு நாற்காலி காலியாகிறது.

ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் ஒரே தரம் இல்லை. முன்பு, பின்பு என்று ஒரே மருத்துவமனையில் ஒப்பிட்டவை பல. புது முறை வந்த உற்சாகத்தில் எல்லாரும் கொஞ்சம் வேகமாக வேலை செய்வார்கள். அதன் பங்கைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மூத்த டாக்டரை வாசலில் உட்கார வைத்தால் உள்ளே யார் பார்ப்பது?

நியாயமான கேள்வி. உள்ளே இருந்து ஒருவரை உருவி வெளியே போட்டால் தேக்கம் இடம் மாறுமே தவிரக் குறையாது. கூட ஒரு ஆள் வேண்டும், அல்லது இருக்கிற ஷிஃப்ட் நேரங்களை மாற்ற வேண்டும். பெரும்பாலான இடங்களில் காலை, மாலை, இரவு என்று டாக்டர்கள் சமமாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். நோயாளிகள் அப்படிப் பிரிந்து வருவதில்லை. காலை பத்து மணியளவில் ஏறத் தொடங்கும் கூட்டம் முன்னிரவு வரை இறங்காது. முற்பகலிலிருந்து இரவு வரை ஓடும் ஒரு நடு ஷிஃப்டை உருவாக்கி, குழுவை அந்த நேரத்துக்கு மட்டும் நடத்துவது பலருக்குக் கட்டுப்படியாகும்.

ஹால் நிரம்பிய பிறகு குழுவை உட்கார வைப்பது தாமதமான வைத்தியம். கூட்டம் ஏறத் தொடங்கும்போதே தொடங்க வேண்டும்.

ஏன் மூத்தவர் என்றால், வாசலில் உட்காரும் டாக்டருக்குத் தேவை வேகமாக முடிவெடுக்கும் துணிச்சல். அனுபவம் குறைந்தவர் பயத்தில் எல்லா டெஸ்ட்டையும் எழுதுவார், எல்லாரையும் உள்ளே அனுப்புவார். ஸ்வீடனில் மூன்று மருத்துவமனைகளை ஒப்பிட்ட 2012 ஆய்விலும் மூத்த டாக்டர் தலைமையில் நடந்த குழு ட்ரையாஜ்தான் முன்னால் நின்றது. இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து, தொடங்கிய ஒன்றையும் முடிக்காமல் கைமாற்றிக்கொண்டே இருப்பது பல டாக்டர்களுக்குப் பிடிக்காது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

தேவையில்லாத டெஸ்ட்கள் கூடிவிடாதா?

கூடும் ஆபத்து உண்டு. ஆறு நிமிடத்தில் பார்த்து எழுதும்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எழுதத் தோன்றும். குழுவில் நடக்கும் டெஸ்ட்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுத்து, உள்ளே இருந்த டாக்டர் அந்த முடிவைப் பயன்படுத்தினாரா என்று பத்து இருபது கேஸ் ஷீட்டைப் புரட்டினாலே நிலைமை தெரிந்துவிடும்.

எங்களுக்கு டாக்டர் கிடைக்கவே மாட்டார். நர்ஸ்களை வைத்து ஏதாவது செய்யலாமா?

நிறையச் செய்யலாம். டாக்டர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்ட நிலையாணைகள் இருந்தால், பயிற்சி பெற்ற ட்ரையாஜ் நர்ஸ் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கலாம். நெஞ்சு வலிக்கு இ.சி.ஜி. கணுக்கால் சுளுக்குக்கு, 1992-ல் கனடாவில் உருவான ஒட்டாவா விதிகளை வைத்து எக்ஸ்ரே தேவையா இல்லையா என்று நர்ஸே முடிவு செய்யலாம்: கணுக்கால் எலும்பின் குறிப்பிட்ட இடங்களில் தொட்டால் வலி இல்லை, நான்கு காலடி எடுத்துவைத்து நடக்க முடிகிறது என்றால் பெரும்பாலும் எக்ஸ்ரே வேண்டாம். அடிவயிற்று வலியோடு வரும், கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்குச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கருக்குழாய்க் கர்ப்பத்தைத் தவறவிடாமல் இருக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஒவ்வாமை கேட்டுவிட்டு வலிக்குப் பாராசிட்டமால்.

வலிமாத்திரையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வலியோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது முதல் அரை மணி நேரத்தில் கிடைத்தால், ‘இங்கே நம்மைக் கவனிக்கிறார்கள்’ என்பதை வேறு எந்த அறிவிப்புப் பலகையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

உள்ளே பெட்டே இல்லை. வாசலில் எதை மாற்றினால் என்ன?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பேன். அட்மிஷன் முடிவான நோயாளிகள் வார்டில் இடம் இல்லாமல் அவசரப் பிரிவு பெட்டிலேயே எட்டு மணி, பத்து மணி நேரம் படுத்திருந்தால், வாசலில் எத்தனை டாக்டரை நிறுத்தினாலும் அடைத்துக்கொண்ட தொட்டியில் குழாயைப் பெரிதாக்கிய கதைதான். காலையில் டிஸ்சார்ஜ் என்று முடிவான வார்டு நோயாளி கணக்கு முடித்து, மருந்து வாங்கி, மாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறார். அதே பெட்டுக்காக இங்கே ஒருவர் பகல் முழுக்க ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். அதைச் சரிசெய்வது வார்டுகளையும் நிர்வாகத்தையும் சேர்ந்த வேலை. அவசரப் பிரிவுத் தலைவர் தனியாகச் செய்ய முடியாது.

அதுவரை அவசரப் பிரிவு தன் கையில் உள்ளதைச் செய்யலாம். ட்ரையாஜ் ஆனவர்களில் பலருக்குப் படுக்க பெட் தேவையில்லை. உட்கார முடிந்தவர் உட்கார்ந்தபடியே சலைன் ஏற்றிக்கொள்ளலாம், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கலாம். பொது ஹாலிலிருந்து பிரித்து, சாய்வு நாற்காலிகள் போட்டு, ஒரு நர்ஸ் பொறுப்பில் ‘ரிசல்ட் காத்திருப்பு’ பகுதி வையுங்கள். குழு ட்ரையாஜ் நடக்கும் இடத்தில் இந்தப் பகுதி இல்லையென்றால், ரத்தம் எடுத்து ஊசிக்குழாய் மாட்டிய நோயாளிகள் மறுபடி பொது ஹாலுக்கே போய்விடுவார்கள். ஊசிக்குழாயோடு வீட்டுக்குக் கிளம்பிப் போனவர்களைப் போன் போட்டுத் திரும்பக் கூப்பிடும் வேலை நர்ஸ்களுக்கு வந்து சேரும்.

காத்திருப்பவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்?

வரிசை எப்படி நகர்கிறது, இன்னும் உத்தேசமாக எவ்வளவு நேரம், உடம்பு மோசமானால் யாரிடம் சொல்வது. நேரத்தைச் சொல்லும்போது கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள்; ஒரு மணி நேரம் என்று சொல்லி ஒன்றரை ஆனால் கோபம் வரும், இரண்டு என்று சொல்லி ஒன்றரையில் கூப்பிட்டால் நன்றி சொல்வார்கள். பாத்ரூமுக்குப் போனால் வரிசை போகாது என்பதை வாயால் சொல்லுங்கள்.

அதோடு, யாராவது ஒருவர் ஹாலுக்குள் நடந்து வர வேண்டும். மஞ்சள் குறியிட்டவரின் நிலை இரண்டு மணி நேரத்தில் சிவப்பு ஆகலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி நாடி, பி.பி. பார்த்துப் போவது நோயாளியின் பாதுகாப்புக்காக. அவர் கிளம்பாமல் இருப்பது அதில் கிடைக்கும் உபரி லாபம்.

டெஸ்ட் எழுதியபின் நோயாளி போய்விட்டால், வரும் ரிசல்ட்டுக்கு யார் பொறுப்பு?

தொடங்கும் முன்பே எழுதி முடிவு செய்யவேண்டிய விஷயம் இது. குழு டாக்டர் எழுதினார், உள்ளே இருந்த டாக்டர் அந்த நோயாளியைப் பார்க்கவே இல்லை, பொட்டாசியம் ஆபத்தான அளவில் வந்திருக்கிறது. லேப் யாருக்குப் போன் செய்யும்? என் கருத்து: உள்ளே வேறொரு டாக்டர் பெயரைப் போட்டு ஏற்கும்வரை, எழுதியவருடைய நோயாளிதான். அவர் ஷிஃப்ட் முடிந்து போகும்போது நிலுவையில் உள்ள பட்டியலை வாயாலும் திரையிலும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். பதிவின்போதே வேலை செய்கிற போன் நம்பரைச் சரிபார்த்து வாங்குவது இதற்காகத்தான்.

ஒருவர் ‘நான் போகிறேன்’ என்று எழுந்துவிட்டார். என்ன செய்வது?

வழியை மறிக்காதீர்கள், வாதம் செய்யாதீர்கள். “என்னங்க ஆச்சு, எதுக்காக அவசரம்?” என்று கேளுங்கள். பாதி நேரம் பதில் தீர்க்கக்கூடியதாக இருக்கும்: வீட்டுக்கு ஒரு போன் பேச வேண்டும், வலி தாங்கவில்லை. குழு டாக்டர் இருந்தால் ஒரு நிமிடம் வந்து பார்க்கட்டும். அப்படியும் போவதானால், எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று சொல்லி, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். மூன்றாம் நிலையோ அதைவிட அவசரமான நிலையோ குறிக்கப்பட்டவர் சொல்லாமல் போயிருந்தால் அன்றே போன் செய்யுங்கள்.

நான் நோயாளி. ரொம்ப நேரமாகிவிட்டது, கிளம்பலாமா?

நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், திடீர்ப் பலவீனம், பேச்சுக் குழறல், கடுமையான தலைவலி, நிற்காத ரத்தம், கர்ப்பகாலத்தில் வயிற்றுவலி, இவற்றில் ஏதாவது இருந்தால் போகாதீர்கள்; வலி குறைந்துவிட்டாலும்கூட. மற்றபடி முடிவு உங்களுடையது. ஆனால் போகும் முன் ட்ரையாஜ் நர்ஸிடம் சொல்லுங்கள். மறுபடி ஒருமுறை பார்த்து, காத்திருக்கலாமா, நாளை ஓ.பி.க்கு வந்தால் போதுமா என்று அவரால் சொல்ல முடியும்.

எதை அளந்தால் உண்மை தெரியும்?

பார்க்காமல் போனவர்கள் விகிதத்தை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள். டாக்டர் வாசலில் நின்று அரை நிமிடம் தலையைக் காட்டினாலே நோயாளி ‘பார்க்கப்பட்டவர்’ ஆகிவிடுவார். அந்த விகிதம் விழும், அறிக்கை அழகாக இருக்கும், ஆனால் பாதியில் போகிறவர்கள் கூடியிருப்பார்கள். மூன்றையும் தனியாக எழுதச் சொன்னது இதற்குத்தான்: பார்க்காமல் போனவரையும் பாதியில் போனவரையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை குறையவில்லை என்றால் ஒன்றும் மாறவில்லை.

இலக்கு வைத்தால் அதைச் சுற்றி வேலை வளையும். இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை நான்கு மணி நேரத்துக்குள் வார்டுக்கோ வீட்டுக்கோ அனுப்பவேண்டும் என்ற விதி வந்தபோது, 2004-ல் 98 சதவீதம் இலக்கு, 2010-ல் அது 95 ஆனது. காத்திருப்பு நன்றாகவே குறைந்தது. கூடவே, நான்காம் மணி முடியும் கடைசிச் சில நிமிடங்களில் அட்மிஷன்கள் குவிந்ததும் தெரியவந்தது.

எனவே வாசலிலிருந்து முதல் முடிவு வரை ஆன நேரம், மொத்தம் இருந்த நேரம், 72 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தவர்கள், இவற்றையும் சேர்த்து வையுங்கள். அட்மிட் ஆனவர்களையும் வீட்டுக்குப் போனவர்களையும் பிரித்து. சராசரி பிடிக்காமல் இடைநிலையும், மிக நீண்ட பத்து சதவீதமும் பாருங்கள்.

எங்கே தொடங்குவது?

மணி வாரி அட்டவணையில் மிக மோசமான ஒரு நாளையும் நான்கு மணி நேரத்தையும் எடுங்கள். அதற்கு மட்டும் குழுவை உட்கார வையுங்கள். அறை தேடாதீர்கள், ஒரு திரை, இரண்டு நாற்காலி, இ.சி.ஜி. இயந்திரம், ரத்தம் எடுக்கும் தட்டு, சக்கரம் வைத்த கணினி போதும். ஆறு வாரம் ஓட்டுங்கள். வாரக் கடைசியில் குழுவில் இருந்த நால்வரும் பத்து நிமிடம் நின்று பேசட்டும்: எங்கே தடுக்கியது, எந்தப் பொருள் கையெட்டும் இடத்தில் இல்லை, லேப் எத்தனை மாதிரியைத் திருப்பி அனுப்பியது. லேப், எக்ஸ்ரே ஆட்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மாலையில் சிதறி வந்துகொண்டிருந்த டெஸ்ட்கள் எல்லாம் இனி மொத்தமாக அவர்கள் மேஜைக்கு வரப்போகின்றன.